10.64-ல இருந்து பர்ஃபெக்ட் கேம் வரைக்கும்: ராய் ஹாலடே எதை மாத்தினார்?

சரி, இன்னைக்கு பேஸ்பால் பிட்சர், அதாவது பந்து வீசுறவர், ராய் ஹாலடே. டொரண்டோ ப்ளூ ஜேஸ், அப்புறம் ஃபிலடெல்ஃபியா ஃபிலீஸ் டீம்கள்ல ஸ்டார்ட்டிங் பிட்சர். ஸ்டார்ட்டிங் பிட்சர்னா ஆட்டத்தோட முதல் பந்துல இருந்து வீசுறவர். ஒரு ஆட்டம் வீசினா நாலு நாள் ஓய்வு, அஞ்சாவது நாள் மறுபடி. இவர் மொத்தக் கணக்கு 203 வெற்றி, 105 தோல்வி. ஆனா ஆரம்பிக்க வேண்டியது 2000-ம் வருஷத்துல.

அந்த சீசன்ல இவரோட ஈ.ஆர்.ஏ. 10.64. ஃபீல்டர் தப்பால வந்த ரன்னைக் கழிச்சிட்டு, 9 இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, எத்தனை ரன் குடுத்தார்ங்கிற சராசரி அது. (எதிரணில மூணு பேர் அவுட் ஆனா ஒரு இன்னிங்ஸ்.) நாலுக்குக் கீழ இருந்தாலே நல்ல பிட்சர். ஒரு சீசன்ல 50 இன்னிங்ஸாவது வீசினவங்கள்ல அதுவரைக்கும் யாரும் இவ்வளவு வாங்கினதில்ல. இதே ஆள்தான் 1998-ல தன் ரெண்டாவது ஆட்டத்துல, இன்னும் ஒரே ஒரு அவுட் எடுத்தா நோ-ஹிட்டர், அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (அடிச்சு பேஸ் சேர்றது) குடுக்காத முழு ஆட்டம்ங்கிற வரைக்கும் போனவர்!

வேகத்துக்குக் குறைச்சல் இல்ல, 150 கிலோமீட்டர் வரும். சிக்கல் கையில. தலைக்கு மேல நேரா கொண்டுவந்து இறக்குவார். அப்படி விட்டா பந்து பின்னோக்கிச் சுழலுமே தவிர பக்கவாட்டுல நகராது. எவ்வளவு வேகமா வந்தாலும் நேரா வர்ற பந்தை மேஜர் லீக், அதாவது உச்ச மட்ட லீக், ஆளுங்க அடிச்சிடுவாங்க.

2001-ல டீம் அவரை மூணு படி கீழ, டனீடின்ல இருந்த சிங்கிள்-ஏங்கிற கீழ்மட்ட லீக் டீமுக்கு அனுப்பிடுச்சு. அந்த வருஷம் மெல் க்வீன்னு ஒரு கோச் கையைத் தாழ்த்தச் சொன்னார். பின்னாடி நின்னு பார்த்தா, கடிகாரத்துல 12 மணிக்கு இருந்த கை ஏறக்குறைய ஒண்ணரைக்கு வந்த மாதிரி. மலிங்கா அளவுக்கெல்லாம் இல்லீங்க. அவ்வளவு சாய்ஞ்சாலே சுழற்சியோட அச்சும் சாய்ஞ்சிடும், பந்து நகர ஆரம்பிக்கும்.

இப்ப இந்தப் பந்தைப் பாருங்க. 108 தையல். தையல் ரெண்டும் நெருங்கி ஓடுற இடத்துல, அது மேலயே ரெண்டு விரலை வச்சா சிங்கர். வலதுகை பேட்ஸ்மேன் பக்கம் திரும்பி, கடைசில கீழ இறங்கும். இப்ப தையலுக்குக் குறுக்கா பிடிச்சு, விரலைக் கொஞ்சம் வெளிப்பக்கம் தள்ளி, நடுவிரல்ல அழுத்தம் குடுத்தா கட்டர். இது எதிர்ப்பக்கம் ஓடும். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம், ஒரே கை அசைவு. பந்து வந்து சேர அரை நொடிகூட ஆகாது. எந்தப் பக்கம் போகும்னு பேட்ஸ்மேன் எப்படிக் கண்டுபிடிப்பார்?

சிங்கரோட லாபம் ஸ்ட்ரைக்அவுட் (பேட்ஸ்மேனை அடிக்க விடாமலே அவுட் ஆக்குறது) இல்ல. பேட்டோட அடிப்பக்கத்துல பட்டு தரையோட உருளும், ரெண்டு மூணு பந்துலயே அவுட். 2003 செப்டம்பர்ல டெட்ராய்ட்டுக்கு எதிரா 10 இன்னிங்ஸ் முழுசா வீசினார், மொத்தமே 99 பந்து! அந்த சீசன்ல 266 இன்னிங்ஸ், வாக் (நாலு பந்து தப்பா போட்டு பேட்ஸ்மேனுக்குச் சும்மா பேஸ் குடுக்கிறது) வெறும் 32. லீக்கோட சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குத்தான்.

கட்டர்தான் அப்பப்ப காலை வாரும், சில நாள் வெட்டவே வெட்டாது. 2008 ஆல்-ஸ்டார் ஆட்டத்துல (லீக்கோட நட்சத்திர வீரர்கள் சேர்ந்து ஆடுற ஆட்டம்), கட்டருக்குப் பேர்போன யாங்கீஸ் டீம் பிட்சர் மரியானோ ரிவேராகிட்ட கேட்டார். கோளாறு கட்டைவிரல்ல. எல்லாரும் மேல இருக்கிற ரெண்டு விரலையே பார்ப்பாங்க, ஆனா கீழ தாங்குற விரல் இடம் மாறினாலும் பந்து விலகிடும். ஹாலடே ரிவேராவோட விரல் இருந்த இடத்தை ஒரு பந்துமேல பேனாவால வரைஞ்சு வச்சுக்கிட்டார். எதிரணிக்குச் சொல்லிக் குடுத்ததுக்கு ரிவேராவுக்கு யாங்கீஸ் வீரர்களே அபராதம் போட்டாங்க, அது தனிக் காமெடி.

2010 மே 29, மார்லின்ஸ் டீமுக்கு எதிரா: 27 பேர் வந்தாங்க, 27 பேரும் அவுட். பர்ஃபெக்ட் கேம். அக்டோபர்ல பிளேஆஃப்ல (சீசன் முடிஞ்சு நடக்கிற நாக்-அவுட் சுற்று) ரெட்ஸ் டீமுக்கு எதிரா நோ-ஹிட்டர், 104 பந்து. ரெண்டாவது சை யங்கும் அந்த வருஷமே.

அப்புறம் முதுகு போச்சு. எலும்புல விரிசல். முதுகு ஒத்துழைக்கலைன்னா பழைய அசைவு வராது, பாரமெல்லாம் தோள்ல இறங்கும். 2013 மே மாசம் தோள்ல ஆபரேஷன், டிசம்பர்ல ப்ளூ ஜேஸ் கூட ஒருநாள் ஒப்பந்தம் போட்டு, அவங்க வீரராவே ஓய்வு பெற்றார்.