மாத்திரைக்குப் பிறகு

தக்கலையில் கூடியிருக்கும் பெற்றோர்களே, உறவினர்களே, வணக்கம்.

மனச்சிதைவு நோய்க்கு மருந்து உண்டு. காதில் ஒலிக்கும் குரல்களும் வீண் சந்தேகங்களும் மருந்தால் பெரும்பாலோருக்குக் குறைகின்றன. அதன் பிறகுதான் வீட்டில் அடுத்த கவலை தொடங்குகிறது. "யாரிடமும் பேசாமல் மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறானே!" தயவுசெய்து அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். பேச்சு குறைவதும் எதிலும் நாட்டம் அற்றுப்போவதும் அந்த நோயின் கூறுகளே. மாத்திரை அவற்றை அவ்வளவாகத் தொடுவதில்லை. அதற்குத்தான் பிறரோடு பேசிப் பழகக் கற்றுத்தரும், குழுவாகச் செய்யும் சமூகத்திறன் பயிற்சி. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் லிபர்மன் போன்றோர் 1970-களிலிருந்து இதை முறைப்படுத்தி வளர்த்தார்கள்.

ஆறேழு பேர் வட்டமாக உட்காருகிறார்கள். நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறித் தக்கலைக்கு டிக்கெட் எடுப்பது அன்றைய பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டரின் முகத்தைப் பார்ப்பது, ஊர்ப் பெயரை அவர் காதில் விழும்படி சொல்வது, மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்குவது என்று அதைப் பிரித்துக்கொள்வார்கள். பயிற்சியாளர் முதலில் நடித்துக் காட்டுவார். பிறகு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளே பஸ். ஒருவர் பயணி, இன்னொருவர் கண்டக்டர். பயணி தரையைப் பார்த்தபடி முணுமுணுப்பார். யாரும் சிரிக்கமாட்டார்கள். "பணத்தைக் கையில் தயாராக வைத்திருந்தீர்கள், நன்று" என்று நல்லதை முதலில் சொல்வார்கள். அப்புறம் ஒரே ஒரு திருத்தம்: "இன்னும் கொஞ்சம் உரக்க." மறுபடியும் நடிப்பார். அதே நோயோடு போராடும் இன்னொருவர் சொல்லும் அந்தப் பாராட்டுக்கு இருக்கும் வலிமை, மருத்துவர் சொல்லுக்குக்கூட இல்லை என்பேன்.

அடுத்தது வீட்டுப்பாடம்: அந்த வாரமே உண்மையான பஸ்ஸில் ஏற வேண்டும். இங்கேதான் நாம் குறுக்கே நிற்கிறோம். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா டிக்கெட் எடுத்துவிடுகிறார். பாசம்தான், ஆனால் வகுப்பில் கற்றது அங்கேயே நின்றுபோகிறது. கொஞ்சம் பொறுங்கள் அம்மா, அவரே கேட்கட்டும்.

இந்தப் பயிற்சி மருந்துக்கு மாற்று அல்ல. கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ அழைத்துப் போங்கள், அது உங்கள் நம்பிக்கை. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஐயம் எழுந்தால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை (டெலி மானஸ்) எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

கொல்லங்கோட்டிலிருந்தும் குலசேகரத்திலிருந்தும் இந்தப் பயிற்சிக்காக வாரந்தோறும் நாகர்கோவிலுக்குப் போவது கூலி வேலை செய்யும் குடும்பத்தால் ஆகாது. ஆகவே தாலுகாவுக்கு ஒரு குழு வேண்டும். அதற்குத் தேவை பயிற்சி பெற்ற ஒருவர், ஓர் அறை, சில நாற்காலிகள். மாவட்ட மனநலத் திட்டத்திடம் இந்தக் கோரிக்கையை எழுதிக் கொடுப்போம். மனு மேசைமேல் இருக்கிறது, கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.