டிகிரி இல்லாமலே ப்ரொஃபசர் ஆனாரா? – சோக்ரால்ஸ்கி பத்தி வந்த கேள்வி

போன வாரம் சிலிக்கான் சிப் வீடியோ போட்டோம்ல, சிப்புக்கான சிலிக்கான படிகமா இழுக்குற முறைய கண்டுபிடிச்ச போலந்து விஞ்ஞானி சோக்ரால்ஸ்கி பத்தி, அதுக்கு ஒரு பாலிடெக்னிக் தம்பி கேட்டிருக்காரு, "சார், யான் சோக்ரால்ஸ்கி கைல ஸ்கூல் சர்டிபிகேட் கூட இல்லன்னீங்க, அப்புறம் எப்படி வார்சால ப்ரொஃபசர் ஆனாரு?" நல்ல கேள்விப்பா, மண்டைய குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

நேரடி பதில் சின்னதுதான். வார்சா பாலிடெக்னிக் (நம்ம ஊரு டிப்ளமா காலேஜ் இல்ல, அங்க அது இன்ஜினியரிங் யுனிவர்சிட்டி) 1929ல அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் குடுத்துச்சு, அத வச்சு ப்ரொஃபசர் ஆக்கிட்டாங்க. ஜெர்மனில இருந்த மனுசன வா வான்னு கூப்பிட்டது யாருன்னா போலந்து ஜனாதிபதி மோஷ்சிட்ஸ்கி, அவரே ஒரு கெமிஸ்ட், காத்துல இருக்குற நைட்ரஜன எலக்ட்ரிக் ஆர்க் வச்சு பிடிச்சு நைட்ரிக் ஆசிட் பண்ணவரு. நாட்டோட முதல் ஜனாதிபதி நருடோவிச்சும் அணைக்கட்டு இன்ஜினியர்தான், ஜூரிச்ல ப்ரொஃபசர், பாவம் 1922ல பதவியேத்த அஞ்சாவது நாளே சுட்டுட்டாங்க.

ஆனா தம்பி, டிகிரி இருந்துச்சான்னு கேக்குறதுக்கு பதிலா இவங்கல்லாம் எங்க படிச்சாங்கன்னு கேட்டிருந்தா எனக்கு இன்னும் சந்தோசமா இருந்திருக்கும். ஏன்னா 1795லருந்து 1918 வரைக்கும் மேப்ல போலந்துன்னு ஒரு நாடே கிடையாது, ரஷ்யா ஒரு துண்டு, பிரஷ்யா ஒரு துண்டு, ஆஸ்திரியா ஒரு துண்டு. படிக்கணும்னா ஊர விட்டு கிளம்பணும், இல்லன்னா மருந்துக்கடைல வேலைக்கு சேரணும். மருந்துக்கடைன்னதும் இப்ப இருக்குற மெடிக்கல் ஷாப்ப நினைக்காதீங்க, பின்பக்கம் அடுப்பு, காய்ச்சி வடிக்கிற வாலை, தராசுன்னு ஒரு லேபே இருக்கும்.

நம்ம பழைய வீடியோ பாத்தவங்களுக்கு லுகாஷியேவிச் ஞாபகம் இருக்கும், மண்ணெண்ணெய் விளக்க உருவாக்குன போலந்துக்காரரு. நாட்டு விடுதலைக்கு சதி பண்ணாருன்னு 1846ல ஜெயில்ல போட்டாங்க, வெளிய வந்து லுவூவ்ல (இப்ப உக்ரைன்ல இருக்குற லிவிவ்) ஒரு மருந்துக்கடைல வேலை, நடுவுல க்ராக்கூவ், வியன்னா போய் பார்மசி பட்டமும் வாங்கிட்டாரு. கூட வேலை பாத்த யான் ஸே கூட சேந்து கச்சா எண்ணெய காய்ச்சி வடிச்சு, கந்தக அமிலம் போட்டு சுத்தம் பண்ணி, தகர வேலை செய்ற ஒருத்தர்கிட்ட விளக்கு அடிக்க சொல்லி, 1853 ஜூலை 31 ராத்திரி லுவூவ் ஆஸ்பத்திரில அந்த வெளிச்சத்துல ஆபரேஷனே பண்ணிட்டாங்க! எல்லாம் மருந்துக்கடைல இருந்து வந்ததுங்க, திரும்ப திரும்ப சொல்றேன்னு நினைக்காதீங்க.

சோக்ரால்ஸ்கியும் அதே ரூட்டுதான். 1885ல க்சின்யால பொறந்தாரு, அது அப்ப பிரஷ்யா. மார்க் பிடிக்கலன்னு சர்டிபிகேட்ட கிழிச்சு போட்டாருன்னு ஒரு கதை, மருந்துக்கடை வேலை, அப்புறம் பெர்லின் போய் ஏஇஜிங்குற எலக்ட்ரிக் கம்பெனில உலோக லேப். 1916ல ஒரு நாள் பக்கத்துல உருகுன வெள்ளீயம் (டின்) மூசைல, அதாவது உலோகம் உருக்குற கிண்ணத்துல, ஆறிக்கிட்டு இருக்கு, இவரு நோட்ஸ் எழுதிக்கிட்டே பேனாவ மைக்கூட்டுல முக்குறதுக்கு பதிலா மூசைல முக்கிட்டாருன்னு சொல்லுவாங்க. சட்டுன்னு தூக்குனா நிப்பு நுனில ஜவ்வுமிட்டாய் இழுத்த மாதிரி மெல்லிசா ஒரு கம்பி. வேற யாராயிருந்தாலும் திட்டிக்கிட்டே நிப்ப துடைச்சிருப்பாங்க, இவரு அந்த கம்பிய சோதிச்சு பாத்தாரு, மொத்தமும் ஒரே படிகம், அதாவது அணுக்கள் எல்லாம் ஒரே வரிசைல. இன்னைக்கும் சிப்புக்கான சிலிக்கான அப்படித்தான் எடுக்குறாங்க, 1414 டிகிரில உருகுறத ஒரு குட்டி விதைப் படிகத்தால தொட்டு, சுத்திக்கிட்டே மெதுவா மேல இழுக்குறது.

ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் போலந்துல ஜெர்மன்காரனுக்கு வேலை பாத்தாருன்னு உள்ள தள்ளுனாங்க. விசாரிச்சு ஒண்ணும் இல்லன்னு விட்டாங்க, ஆனா 1945ல பாலிடெக்னிக் திரும்ப சேத்துக்கல. எனக்கு இதுதான் கோவம், பட்டம் குடுத்த அதே இடம்! மனுசன் சொந்த ஊருக்கே போய் காஸ்மெட்டிக்ஸ், வீட்டு உபயோக கெமிக்கல் பண்ற சின்ன கம்பெனி நடத்தி 1953ல இறந்துட்டாரு. 2011லதான் அந்த பாலிடெக்னிக்கோட செனட் (நிர்வாகக் குழு) அவரு பேருல இருந்த கறைய நீக்குச்சு.

மேரி க்யூரி வார்சால படிச்ச ரகசிய வகுப்பு பத்தியும் ஒருத்தர் கேட்டிருக்கீங்க, அத தனி வீடியோவாவே போட்டுடுறேன், அடுத்த கேள்விக்கு போயிடலாம்.