பொழுது சாயுமுன் கூலி

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, உடல்நலம் குன்றியிருந்தும் இந்த விழாவுக்காகவே பயணம் செய்து வந்திருக்கும் முன்னாள் நீதியரசர் அவர்களே, ஆண்டுதோறும் இந்தச் சொற்பொழிவுகளுக்குக் கை கொடுத்துவரும் நூலகப் புரவலர் அவர்களே, எனக்கு முன் பேசி எனக்கும் சிறிது நேரம் விட்டுவைத்த பேராசிரியர் அவர்களே, வாயிலோரம் நின்றபடியே கேட்டுக்கொண்டிருக்கும் பந்தல் தொழிலாளத் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். புரவலர் அவர்கள் சற்று முன்பு எனக்கு ஒரு சால்வை போர்த்தினார். அதற்கான நன்றியை இப்போது சொல்லப்போவதில்லை. அந்தச் சால்வைக்கு என் பேச்சில் வேலை இருக்கிறது.

கண்ணுக்குக் கண், முட்டும் மாடு, கூலிக்காரனின் கூலி என்று யூதச் சட்ட மரபிலிருந்து மூன்று செய்திகளைச் சொல்வேன் என அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் கூலிப் பாக்கி வழக்குகளை நடத்தியவனிடம் மூன்று தலைப்புகளைக் கொடுத்தால் அவன் எதில் போய் நிற்பான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. "ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்ற பழமொழியை நான் சொல்லாத மேடை இல்லை என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். இன்றும் சொல்லத்தான் போகிறேன்.

யூத வேதத்தின் இரண்டாம் நூலான யாத்திராகமத்தின் 20ஆம் அதிகாரத்தில் இடியும் மின்னலும் எக்காளமுமாகச் சீனாய் மலையில் பத்துக் கட்டளைகள் அருளப்படுகின்றன. அடுத்த அதிகாரத்திலிருந்து புரட்டினால் அடிமையின் தவணைக் காலம், மூடாமல் விட்ட குழியில் விழுந்த மாடு, திருடன் கட்டவேண்டிய ஈடு என்று முன்சீப் கோர்ட்டுக் கட்டு விரிகிறது. யூதர்கள் இந்தப் பகுதியை 'மிஷ்பாத்திம்', அதாவது தீர்ப்புகள் என்பார்கள். பலிபீடத்தைப் பற்றிய விதிகள் முடிந்த கையோடு இந்த வழக்கு விதிகள் தொடங்குவதைக் கவனித்த 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி, நீதிமன்றம் ஆலயத்தை ஒட்டியே இருக்கவேண்டும் என்பதற்கான குறிப்பு இது என்று பழைய உரைமரபை எடுத்துக்காட்டுகிறார். பக்திமானாக விரும்புகிறவன் நஷ்டஈட்டுச் சட்டத்தைக் கடைப்பிடிக்கட்டும் என்று யூத அறிஞர்களின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதில் ராவ் யெகூதா என்ற ஆசான் சொன்னதும் இந்த வழியில்தான். அதே அதிகாரம் அடிமை முறையை ஏற்றுக்கொண்டே பேசுகிறது என்பதை நான் மறைக்கவில்லை. அது தனிப் பேச்சுக்குரியது.

கண்ணுக்குக் கண் என்பதைப் பழிக்குப் பழி என்றே நாம் படித்திருக்கிறோம். யூதச் சட்ட ஆசான்களான ரப்பிகளோ அதைப் பணமாகவே வாங்கவேண்டும் என்று வாதாடி நிலைநாட்டி, உறுப்பிழப்பு, வலி, மருத்துவச் செலவு, வேலையிழப்பு, அவமானம் என ஐந்து இனங்களில் ஈட்டைக் கணக்கிட்டார்கள். விபத்து வழக்கு நடத்திய வக்கீல்களுக்கு இந்தப் பட்டியல் புதிதாக இராது. முட்டும் மாட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி இந்தச் சால்வை. ஏழையின் மேலாடையை அடகு வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிடு, அவன் வேறு எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான் என்று யாத்திராகமத்தின் 22ஆம் அதிகாரம் கேட்கிறது. 1960இல் இஸ்ரேலின் கடற்கரைப் பக்கம், மெசாத் ஹஷவியாகு என்ற பழைய கோட்டையில், மை கொண்டு எழுதிய ஓர் ஓட்டுச் சில்லு அகழாய்வில் கிடைத்தது. கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, ஓர் அறுவடைக் கூலியாளின் மனு. நான் அறுத்தேன், அளந்தேன், களஞ்சியத்தில் சேர்த்தேன். அதன் பிறகு ஷோபாயின் மகன் ஹோஷயாகு வந்து என் ஆடையைப் பறித்துக்கொண்டான். வெயிலில் என்னோடு அறுத்த சகோதரர்கள் எல்லாரும் எனக்குச் சாட்சி சொல்வார்கள் என்று அதிகாரியிடம் முறையிடுகிறான். ஆடை அவனுக்குத் திரும்பக் கிடைத்ததா என்பதற்கு எந்தச் சில்லும் இல்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்கிறோம். அவன் சொல் 2,600 ஆண்டுகள் மண்ணுக்குள் காத்திருந்து ஏறியிருக்கிறது.

அந்தச் சொல்லை அன்றைக்கே ஏற்றிவைக்க ரப்பிகள் ஒரு வழி செய்தார்கள். பொதுவாக அவர்கள் சட்டத்தில் பணம் கேட்கிறவன்தான் ஆதாரம் காட்டவேண்டும். சத்தியம் செய்யவேண்டி வந்தால், அதைப் பிரதிவாதி செய்து விடுபடுவான். ஆனால் கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற அவர்களுடைய சட்ட நூல், கூலியாள் உரிய காலத்துக்குள் வந்து கேட்டால் சத்தியம் செய்துவிட்டு அவனே கூலியைப் பெற்றுக்கொள்ளலாம் என்கிறது. முதலாளி பொய்யன் என்பதா காரணம்? அல்ல. பல ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவன், யாருக்குக் கொடுத்தோம், யாருக்குக் கொடுக்கவில்லை என்பதை மறந்திருக்கக்கூடும் என்கிறது தல்மூத். முதலாளியின் மானத்தையும் காப்பாற்றி, கூலியையும் வாங்கிக் கொடுக்கிற இந்தச் சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஒரு கதை சொல்கிறேன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவேண்டாம். பாபிலோனியாவில் ரப்பா பார் பார் ஹனான் என்று ஓர் அறிஞர். அவருடைய திராட்சரசச் சாடியைச் சுமைகூலிகள் தூக்கி வந்தார்கள்; வழியில் சாடி உடைந்தது. உடைந்த சாடிக்கு ஈடாக அவர்களுடைய மேலாடைகளை அவர் எடுத்துக்கொண்டார். பாருங்கள், மறுபடியும் மேலாடை! அவர்கள் நேரே ராவ் என்ற பேராசானிடம் போய் நின்றார்கள். ராவ் அவரை அழைத்து, "ஆடைகளைத் திருப்பிக் கொடு" என்றார். அறிஞர் இலேசில் விடுகிறவரா? "சட்டம் அப்படியா?" என்று கேட்டார். "அப்படித்தான், நல்லோர் வழியில் நட என்று நீதிமொழிகளில் எழுதியிருக்கிறதே" என்றார் ராவ். ஆடை வந்தது. கூலிகள் நகரவில்லை. "ஐயா, நாங்கள் ஏழைகள். நாள் முழுக்கச் சுமந்தோம், பசிக்கிறது, கையில் ஒன்றுமில்லை" என்றார்கள். ராவ் திரும்பி, "போய் அவர்கள் கூலியையும் கொடு" என்றார். சாடியும் போய், ரசமும் போய், ஆடையும் போய், இப்போது கூலியுமா! "இதுவும் சட்டமா?" என்றார் அவர். "இதுவும்தான், நீதிமான்களின் பாதையைக் காத்துக்கொள் என்பது அதே வசனத்தின் மறுபாதி" என்று ராவ் முடித்தார். கவனக்குறைவால் உடைத்திருந்தால் சட்டப்படி கூலிகள்தான் ஈடு கட்டவேண்டும் என்பது ராவுக்குத் தெரியாதா? தெரியும். கற்றறிந்தவனுக்குச் சட்டம் அந்த எல்லையோடு நிற்காது என்று அவர் நினைத்தார்.

யூத வேதத்தின் மற்ற நூல்களில் லேவியராகமம் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே என்கிறது; உபாகமம் சூரியன் மறையுமுன் கொடு என்கிறது. இரண்டும் மோதுகின்றனவே என்று கேட்டால், பகலாளுக்கு அந்த இரவு முழுதும், இரவாளுக்கு மறுபகல் முழுதும் கெடு என்று மிஷ்னா பிரித்துக் கொடுக்கிறது. ஏணியில் ஏறியும் மரத்தில் தொங்கியும் அவன் உயிரைப் பணயம் வைத்தது எதற்கு, கூலிக்காகத்தானே என்று கேட்கிறது தல்மூத். 1958இல் இஸ்ரேல் இயற்றிய ஊதியப் பாதுகாப்புச் சட்டம் தாமதக் கூலிக்கு வைத்த பெயரே லேவியராகமத்தின் அந்த வினைச்சொல்லிலிருந்து வந்ததுதான்.

நம் நாட்டிலும் 2019இன் ஊதியச் சட்டத் தொகுப்பு, நாட்கூலியை வேலைநேர முடிவிலேயே கொடுக்கவேண்டும் என்கிறது. ஆனாலும் "சனிக்கிழமை வா" என்ற சொல் ஓயவில்லை. அன்றன்றைக்குக் கூலி என்று நாங்கள் நடத்தும் கையெழுத்து இயக்கத்தின் தாள், பின்வரிசையில் மேசைமேல் இருக்கிறது. நீதியரசர் அவர்கள் முதல் கையெழுத்திட்டுப் பெருமைப்படுத்தவேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முட்டும் மாடு அடுத்த ஆண்டுக்கு.

பொருளாளர் அவர்களுக்கு ஒரு வார்த்தை. காலை ஆறு மணிக்கு மூங்கில் இறக்கிய தோழர்கள் நால்வரும் வாயிலில் நிற்கிறார்கள். நன்றியுரையை நான் நீட்டிவிடுகிறேன். நீங்கள் அதற்குள் பணப்பையோடு அங்கே போய்வந்துவிடுங்கள்.