எருக்கஞ்செடியும் எருக்கு வெட்டுக்கிளியும்: விஷம் ஒண்ணு, பிரயோகம் வேற

[காட்சி: எருக்கு இலையின் நுனியைக் கிள்ளும் விரல்கள்]

கிள்ளினதும் பால் குபுக்குன்னு வருது பாருங்க. இலைக்குள்ள இருக்கிற மெல்லிய குழாய்கள்ல அழுத்தத்தோட நிக்கிற பால் இது. காயம் பட்டாத்தான் வெளியே வரும். கடிச்ச பூச்சியோட வாயில பிசினா இறுகிடும். ஒட்டுறதைவிடப் பெரிய ஆபத்து அதுல இருக்கிற கலோட்ரோபின், கலாக்டின், உஸ்காரின் மாதிரி நஞ்சுகள். இதயத் தசைச் செல்கள்ல சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிற பம்ப் ஒண்ணு உண்டு. அதை இந்த நஞ்சு முடக்கிடும். செல்லுக்குள்ள கால்சியம் சேர்ந்து, துடிப்பு தாறுமாறாகும்.

[காட்சி: அதே செடி, இலையை மெல்லும் வெட்டுக்கிளி]

அந்த இலையைத்தான் இது சாவகாசமா மென்னுக்கிட்டு இருக்கு. எருக்கு வெட்டுக்கிளி, அறிவியல் பேரு போய்க்கிலோசெரஸ் பிக்டஸ். உடம்புல மஞ்சளும் நீலமும் பட்டை பட்டையா, பச்சை முன்னிறக்கையில மஞ்சள் புள்ளி. புல்வெளி வெட்டுக்கிளி மாதிரி ஒளியுற வேலையே இல்ல. இதோட சொந்தக்கார இனம் போய்க்கிலோசெரஸ் புஃபோனியஸ், மத்தியக் கிழக்குல இருக்கு. அதை ஆராய்ஞ்ச கட்டுரை 1967-ல 'நேச்சர்' அறிவியல் இதழ்ல வந்துச்சு. அந்தப் பூச்சிக்குள்ள கிடைச்சதும் கலாக்டின், கலோட்ரோபின்தான். எல்லாம் செடியோட சரக்கு.

[காட்சி: வெட்டுக்கிளியின் இளங்குஞ்சு, மிக நெருக்கத்தில். கறுப்புக் கோடு, சிவப்புப் புள்ளி]

செடிக்குக் குறி பார்க்கத் தெரியாது, குஞ்சுக்குத் தெரியும். பாதி வளர்ந்த குஞ்சை லேசா அழுத்தினா, வயித்தோட முதல் ரெண்டு கண்டத்துக்கு நடுவுல, முதுகுப் பக்கத் திறப்பிலேர்ந்து பால் நிறத் திரவம் பீய்ச்சும். ரெண்டு அங்குலத்துக்கு மேலகூடப் போகும், அதுவும் அழுத்தின பக்கமாவே. வளர்ந்த பூச்சிகிட்ட இந்தப் பீய்ச்சல் கிடையாது, அதே இடத்துல நுரையாக் குவியும். அதனால குனிஞ்சு பார்க்கிறவங்க குஞ்சுகிட்டதான் உஷாரா இருக்கணும்.

[காட்சி: எருக்கம்பூ பறிக்கும் கை]

நம்ம கண்ணுக்குள்ள போறது பெரும்பாலும் செடியோட பால்தான். விநாயகர் சதுர்த்திக்குப் பூ கிள்ளின விரலாலேயே கண்ணைத் துடைச்சா போதும். வலி பெருசா தெரியாது, அதை நம்பித்தான் பலர் விட்டுடுறாங்க. கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். கருவிழியோட உள்அடுக்கு பாதிச்சு, கருவிழி வீங்கியிருக்கும்.

கசக்காதீங்க. கான்டாக்ட் லென்ஸ் இருந்தா எடுத்துடுங்க. இமையை விரிச்சுப் பிடிச்சு, சுத்தமான தண்ணியை 15 நிமிஷத்துக்குக் குறையாம ஊத்திக் கழுவுங்க. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடாதீங்க. பார்வை தெளிவா இருந்தாலும் அன்னைக்கே கண் டாக்டரைப் பார்த்துடுங்க.