பிராக் யூதர் குடியிருப்பு: காலடி மட்டத்தைப் பார்த்து நடங்கள்

[காட்சி: பர்ஷீஷ்ஸ்கா சாலை. விலை உயர்ந்த கடைகள், வரிசையாக மரங்கள்.]

பிராக் நகரின் யோசெஃபோவ் பகுதி இது. பல நூற்றாண்டுகள் யூதர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். ஆனால் பழைய சந்து ஒன்றுகூடக் கண்ணில் படாது. 1893-இல் சுகாதாரச் சீரமைப்புக்கென்று சட்டம் வந்தது. 1896-இல் இடிக்கத் தொடங்கினார்கள். ஒண்டுக்குடித்தன வீடுகளெல்லாம் போய் இந்த அகலச் சாலை வந்தது. தப்பியவை ஆறு ஜெப ஆலயங்கள், யூத நகர மன்றம், பழைய கல்லறைத் தோட்டம்.

அதனால் இங்கே பழசைத் தேட முகப்புகளைப் பார்த்துப் பயனில்லை, தரையைப் பாருங்கள். வில்தாவா ஆற்று வெள்ளத்துக்கு அஞ்சி நகரத்தின் தெருமட்டத்தைக் காலங்காலமாக உயர்த்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். பழைய கட்டடங்கள் அந்தப் பள்ளத்திலேயே நின்றுவிட்டன.

[காட்சி: நுழைவுச்சீட்டு முகப்பு]

முதலில் கிழமை. சனிக்கிழமை ஓய்வுநாள், எல்லாமே பூட்டியிருக்கும். வார இறுதிக்கு மட்டும் பிராக் வருபவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். செப்டம்பர், அக்டோபரில் யூதப் பண்டிகைகள் அடுத்தடுத்து வரும். அந்த நாட்களிலும் விடுமுறை. குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை சூரியன் நான்கு மணிவாக்கில் மறைந்துவிடும்; வழிபாடு நடக்கும் பழைய-புதிய ஜெப ஆலயத்தை அதற்கு முன்பே மூடிவிடுவார்கள். வெள்ளியன்று போனால் அதைக் கடைசிக்கு வைக்காதீர்கள்.

அடுத்து சீட்டு. யூத அருங்காட்சியகம் வேறு, பழைய-புதிய ஜெப ஆலயத்தை நடத்தும் யூத சமூகம் வேறு. அருங்காட்சியகச் சீட்டை மட்டும் வாங்கிவிட்டு இந்த ஆலய வாசலில் திரும்பி நிற்பவர்களைத் தினமும் பார்க்கலாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சீட்டு உண்டு; கேட்டு வாங்குங்கள். எந்தக் கட்டடத்தில் மராமத்து நடக்கிறது என்றும் அப்போதே விசாரியுங்கள்.

மெட்ரோ ஏ தடத்தில் ஸ்டாரோமியெஸ்ட்ஸ்கா நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. காலை ஒன்பதுக்கே, பின்காஸ் ஜெப ஆலயம் இருக்கும் ஷிரோக்கா தெருவில் நில்லுங்கள். பத்தரைக்கு மேல் குழுக்கள் வந்துவிட்டால் கல்லறைப் பாதையில் நகரவே முடியாது.

[காட்சி: பின்காஸ் ஜெப ஆலயம், கீழே இறங்கும் படிகள்]

கல்லறைத் தோட்டத்துக்கு வழி பின்காஸ் வழியாகத்தான், எனவே இங்கேதான் தொடங்க வேண்டும். 1535-இல் கட்டியது. உள்ளே சுவர் முழுக்கப் பெயர்கள்: நாஜிகள் கொன்ற பொஹேமிய, மொராவிய (இன்றைய செக் நாட்டுப் பகுதிகள்) யூதர்கள், ஏறக்குறைய 78,000 பேர். ஊர்வாரியாக எழுதியிருக்கிறார்கள். குடும்பப் பெயர் சிவப்பில். பிறகு பிறந்த தேதியும், உயிருடன் இருந்ததாகத் தெரிந்த கடைசித் தேதியும்.

இது இரண்டாம் முறை எழுதியது. 1950-களில் வாட்ஸ்லாவ் போஷ்டீக், யிர்ஷி யான் என்ற இரு ஓவியர்கள் முதலில் எழுதினார்கள். தரை பள்ளத்தில் இருப்பதால் நிலத்தடி நீர் சுவரில் ஏறியது. 1968-இல் மூடினார்கள்; மராமத்து என்ற பெயரில் கம்யூனிச ஆட்சிக் காலம் முழுக்க மூடியே கிடந்தது; பெயர்களும் போயின. 1992-க்கும் 1996-க்கும் இடையே ஒவ்வொன்றாக மறுபடி எழுதினார்கள். 2002 வெள்ளம் கீழ்வரிசைகளை மீண்டும் பாழாக்கியது, அதையும் சரிசெய்தார்கள். மாடியில் டெரெசின் என்ற நாஜி முகாமில் இருந்த குழந்தைகளின் ஓவியங்கள். அவர்களுக்கு வரையக் கற்றுத்தந்த ஃப்ரீட்ல் டிக்கர்-பிராண்டைஸ் 1944-இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். இந்தக் கட்டடத்துக்கு முக்கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

[காட்சி: ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த கல்லறைக் கற்கள்]

வெளியே வந்தால் இப்போது தரை ஏறுகிறது. தோட்டத்தை விரிவாக்க இடம் தரவில்லை. புதைத்தவரைத் தோண்டி எடுக்க யூத மரபு விடாது. வேறு வழியில்லாமல் மேலே மண் கொட்டி, அதில் புதைத்து, கீழே இருந்த கல்லையும் தூக்கி மேலே நட்டார்கள். சில இடங்களில் பன்னிரண்டு அடுக்கு வரை என்பார்கள். 12,000 கற்கள் இப்படித் தோளோடு தோள் இடித்து நிற்கக் காரணம் அதுதான். மிகப் பழைய கல் 1439-இல் இறந்த அவிக்தோர் காராவுடையது. கடைசி அடக்கம் 1787.

ஹீப்ரு தெரியாவிட்டாலும் சின்னங்களைப் படிக்கலாம். விரித்த இரு கைகள் என்றால் யூத குருமார் வம்சம். கெண்டி என்றால் அவர்களுக்கு ஆலயப் பணியில் துணை நின்ற லேவியர் குலம். கத்தரிக்கோல் தையல்காரர். வாத்து, காந்ஸ் என்ற பெயருக்காக; ஜெர்மன் மொழியில் காந்ஸ் என்றால் வாத்து. சிங்கம் உள்ள பெரிய கல்லறை, 1609-இல் இறந்த ரபி (யூத மதகுரு) லோவுடையது. களிமண்ணில் செய்து உயிரூட்டிய கோலெம் என்ற மனித உருவின் பிராக் கதை இவர்மேல் ஏற்றிச் சொல்லப்படுகிறது. கல்லறைமேல் கூழாங்கல் வைப்பது வழக்கம், பூ வைப்பதில்லை. கயிற்றைத் தாண்டிப் போய்ப் படம் எடுக்காதீர்கள்.

[காட்சி: பழைய-புதிய ஜெப ஆலயம், செங்கல் முகடு]

மறுபடி இறக்கம். 1270 வாக்கில் எழுந்தது, இன்றும் வழிபாடு நடக்கிறது. ஆண்கள் தலையை மறைக்க வேண்டும், தொப்பி போதும். உள்ளே அண்ணாந்து பார்த்தால் வளைவுகளில் நான்கு விலாவுக்குப் பதில் ஐந்து. சிலுவை வடிவம் விழாமலிருக்க என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். அப்படியே நம்பிவிட வேண்டாம். சுவரில் ஒடுக்கமான பிளவுகள் தெரிகின்றனவா? பெண்கள் அதன் வழியாகத்தான் வழிபாட்டைக் கேட்டார்கள். கோலெம் கிடப்பதாகச் சொல்லும் பரணுக்கு அனுமதி இல்லை, கேட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

எதிரே நகர மன்றத்தில் இரண்டு கடிகாரங்கள். கீழே உள்ளதில் ஹீப்ரு எழுத்துகள். முள் இடப்பக்கமாகச் சுற்றும். மன்றத்துக்குள் பொதுமக்களை விடுவதில்லை. மைசெல் ஆலயத்தை விரைவாகப் பார்த்துவிட்டு, 1868-இல் கட்டிய ஸ்பானிய ஜெப ஆலயத்தின் பொன்வேலைப்பாட்டில் அரை மணி உட்காருங்கள்.

[காட்சி: ஸெலிவ்ஸ்கேஹோ மெட்ரோ நிலையம்]

எழுத்தாளர் காஃப்காவின் கல்லறை யோசெஃபோவில் இல்லை. அதே ஏ தடத்தில் ஸெலிவ்ஸ்கேஹோ போங்கள். புதிய யூதர் கல்லறைத் தோட்டம் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது; சனிக்கிழமை இதுவும் கிடையாது. வாயிலில் நுழைந்து வலப்புறம் அம்புக்குறியைப் பிடித்துப் போனால், பெற்றோருடன் ஒரே கல்லின் கீழ் இருக்கிறார். இங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. தரை சமமாக இருக்கிறது.