ரிப்போர்ட் நார்மல், நெஞ்சு மட்டும் படபடக்கிறது

நேயர்களுக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனையில் புறநோயாளிகள் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தால் போதும், இந்தப் பேச்சு காதில் விழும். "நெஞ்சு படபடன்னு அடிக்குது டாக்டர்." "தொண்டையில ஏதோ அடைச்ச மாதிரியே இருக்கு." "ராத்திரி கண்ண மூடினா உடம்பு தூக்கிப் போடுது." ஈசிஜி எடுப்பார்கள், தைராய்டு பார்ப்பார்கள். கையில் காசு இருப்பவர்கள் வெளியே போய் எண்டோஸ்கோப்பி வரைக்கும் எடுத்துவிட்டு வருவார்கள். எல்லாம் நார்மல். "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று சொல்லி ஒரு வைட்டமின் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள்.

அந்த அம்மா போன வருடம் கண்ணெதிரே கணவரைப் பறிகொடுத்தவராக இருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவராகவும் சொல்லியிருக்க மாட்டார். அவரைப் பொறுத்தவரை அதற்கும் தொண்டை அடைப்புக்கும் என்ன சம்பந்தம்? யாராவது அக்கறையோடு கவுன்சலிங்குக்கு அனுப்பினாலும், "மனசுல இருக்கிறதச் சொல்லுங்க" என்று கேட்ட ஐந்தாவது நிமிடத்தில் பேச்சு தீர்ந்துபோகும். "என்னத்தச் சொல்ல, தொண்டைதான் அடைக்குது."

சரி, தொண்டை அடைப்பிலிருந்தே தொடங்குவோம் என்கிற சிகிச்சைமுறை ஒன்று இருக்கிறது. உடல்வழி உளச்சிகிச்சை என்று சொல்லலாம். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஆபத்து என்று பட்டவுடன் உடம்பு நம்மிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருப்பதில்லை. மூளைக்குள் அமிக்டலா என்ற சிறு பகுதி எச்சரிக்கை கொடுக்கும். சிறுநீரகத்தின் தலைமேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினை இரத்தத்தில் கலக்கும். இதயம் வேகமெடுக்கும், நாக்கு வறளும், செரிமானம் நின்றுபோகும், கை கால் தசைகள் முறுக்கேறும். எதிர்த்து நில் அல்லது ஓடிப் போ என்கிற இந்த ஏற்பாட்டை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார். இது பலருக்கும் தெரிந்ததுதான்.

பலருக்கும் தெரியாதது மூன்றாவது வழி. எதிர்க்கவும் முடியாது, ஓடவும் முடியாது என்று ஆகிவிட்டால் உடம்பு அப்படியே உறைந்துபோகும். குரல் எழும்பாது, கை தூக்க வராது. நினைவு இருக்கும், அசைவு மட்டும் இருக்காது. ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில், பாலியல் வன்முறைக்கு ஆளாகி அவசரச் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் விசாரித்து எழுதிய ஆய்வு ஒன்று 2017-இல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேர் அந்த நேரத்தில் குறிப்பிடத்தக்க அளவுக்கு உறைந்துபோனதாகச் சொன்னார்கள். 48 சதவீதம் பேருக்கு அது மிகக் கடுமையாக இருந்திருக்கிறது. "ஏன் கத்தல? ஏன் தள்ளிவிடல?" என்று காவல் நிலையத்திலும் கேட்கிறார்கள், வீட்டிலும் கேட்கிறார்கள். அதைவிடக் கொடுமை, அந்தப் பெண்ணே தன்னைத்தானே வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பாள். கத்தாமல் இருக்கவேண்டும் என்று அவள் முடிவெடுக்கவில்லை, அவளுடைய நரம்பு மண்டலம் எடுத்த முடிவு அது. இந்த ஒரு விஷயத்தைப் புரியும்படி எடுத்துச் சொன்னதுமே தோள் இரண்டும் கீழே இறங்குவதை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். இன்னும் சிகிச்சையே ஆரம்பித்திருக்காது.

ஆபத்து போன பிறகும் உடம்புக்கு அது போய்விட்டது என்று தெரியாமல் இருப்பதுதான் தொல்லை. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளிலிருந்து திரும்பிய படைவீரர்கள் பலர் நிற்க முடியாமல் நடுங்கினார்கள். சிலருக்குப் பேச்சு போயிற்று, சிலருக்குக் காயமே இல்லாத கால் நடக்க மறுத்தது. சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915-இல் லான்செட் மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார். ஆனாலும் கோழை என்று பட்டம் கட்டப்பட்டவர்கள் ஏராளம். வியட்நாம் போர் முடிந்து, 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பிறகும் தொடரும் மனப் பாதிப்பு, என்ற பெயரில் இதற்கு இடம் கிடைத்தது.

உடம்பைக் கவனித்து மனதுக்கு வைத்தியம் பார்ப்பது என்ற யோசனையின் தொடக்கம் அவ்வளவு மரியாதையானது அல்ல. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டின் வட்டத்தில் இருந்த வில்ஹெல்ம் ரைஹ், அடக்கிவைத்த உணர்ச்சிகள் தசையில் கவசம் மாதிரி இறுகிக் கிடக்கின்றன என்றார். அதுவரை சரி. அப்புறம் பிரபஞ்ச சக்தியைப் பிடித்துவைக்கும் பெட்டி என்று ஒன்றைச் செய்தார், நீதிமன்றத் தடையை மீறினார், 1957-இல் அமெரிக்கச் சிறையில் இறந்துபோனார். அவரிடம் பயின்ற அலெக்ஸாண்டர் லோவன் அந்த யோசனையைத் தன் வழியில் வளர்த்தார். பிறகு வந்தவர்களில் பீட்டர் லெவின், பேட் ஆக்டன் இருவரும் முக்கியமானவர்கள். லெவின் உருவாக்கிய முறைக்கு சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் என்று பெயர். எனக்கு ரைஹின் வழியைவிட, அதே காலத்தில் சத்தமில்லாமல் வேலை செய்த எட்மண்ட் ஜேக்கப்சனைத்தான் பிடிக்கும். ஒவ்வொரு தசையாக இறுக்கி, பிறகு தளர்த்து என்று சிகாகோவில் சொல்லிக்கொடுத்தவர். இன்றைக்கும் நம்மூர் மருத்துவமனைகளில் அந்தப் பயிற்சி நடக்கிறது.

சிகிச்சை அறைக்குள் என்னதான் நடக்கும்? ஒருவரை எடுத்துக்கொள்வோம். பல பேரிடம் பார்த்ததைச் சேர்த்து ஒரே ஆளாகச் சொல்கிறேன். இரவில் பைபாஸில் பைக்கில் போகும்போது பக்கவாட்டிலிருந்து லாரி வந்து மோதியது. எலும்பு கூடிவிட்டது, பிளேட்டையும் எடுத்தாயிற்று. ஆனால் வண்டியைத் தொடுவதில்லை. பஸ்ஸில் போனாலும், ஓட்டுநர் லேசாக வேகம் குறைத்தால் இவருடைய வலது பாதம் தானாகவே தரையை அழுத்துகிறது. அன்றைக்கு மிதிக்க முடியாமல் போன பிரேக்கை அந்தக் கால் இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறது.

அவரிடம் விபத்தைப் பற்றிக் கேட்க மாட்டோம். முதல் கேள்வி இப்படி இருக்கும்: "இப்ப இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கீங்க. உடம்புல எந்த இடம் தொந்தரவு இல்லாம இருக்கு?" பெரும்பாலும் விழிப்பார்கள். எங்கே வலிக்கிறது என்றுதான் இதுவரை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் யோசித்து, "முதுகு சாஞ்சிருக்கிறது பரவால்ல" என்பார். நல்லது, முதுகையே பிடித்துக்கொள்வோம். சாய்மானம் முதுகில் எங்கெங்கே படுகிறது, சூடாக இருக்கிறதா, இன்னும் கொஞ்சம் பாரத்தை அதன்மேல் விடலாமா? இதற்கே கால்மணி நேரம் போகும்.

அதற்குப் பிறகு லாரியைத் தொடாமல், அதற்கு முன்னால் டீ குடித்த கடையைப் பற்றி மட்டும் சொல்லச் சொல்வோம். டீக்கடையிலிருந்து வண்டியை எடுத்ததைச் சொல்லும்போதே தோள் காதுக்குப் பக்கம் ஏறும், மூச்சு நிற்கும். கதையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். "தோள் மேல ஏறினது தெரிஞ்சுதா? சரி, இப்ப முதுகுக்கு வாங்க." மூச்சு தானாக வரும்வரை காத்திருப்போம். மறுபடி ஒரு சிட்டிகை கதை, மறுபடி முதுகு. ஏரி தளும்பினால் மதகுப் பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தூக்குவார்கள், கரையை வெட்டிவிட மாட்டார்கள் அல்லவா? இந்தச் சிகிச்சையில் திறமை என்று ஏதாவது இருந்தால் அந்தப் பலகையை எவ்வளவு தூக்குவது என்று தெரிவதுதான்.

சில வாரம் கழித்து அந்த வலது காலுக்கு வருவோம். ஒரு தலையணையைப் பாதத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு, "இப்ப மெதுவா மிதிங்க, ரொம்ப மெதுவா" என்போம். மிதிப்பார். தொடை நடுங்கும், உள்ளங்கை வியர்க்கும், பெரிய கொட்டாவி ஒன்று வரும். சிலர் அழுவார்கள், சிலருக்குக் காரணமே இல்லாமல் சிரிப்பு வரும். அதை நிறுத்தவும் கூடாது, இன்னும் இன்னும் என்று தூண்டிவிடவும் கூடாது. பக்கத்தில் இருந்தால் போதும். மிதித்து முடித்த கால் தரையில் வந்து அமரும்போது முகத்தில் வரும் மாற்றம் யாருக்கும் தெரியும். லாரியைப் பற்றி அவர் வாய்விட்டுச் சொல்வது அதற்கும் பிறகுதான். சொல்லாமலேயே போகிறவர்களும் உண்டு.

ஒரு பெரிய துயரம் நடந்த இடத்துக்கு நோட்டுப் புத்தகத்தோடு போய், "எப்படி நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று அன்றைக்கே கேட்பது உதவி அல்ல. உடனடியாக அப்படிப் பேசவைக்கும் முறையைச் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது.

நம்மிடம் இது எடுபடுமா என்ற கேள்வி வரும். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மனநல மருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் அனுபவத்தை அதற்குப் பதிலாகச் சொல்லலாம். தலையிடி, நெஞ்சுநோவு, உடம்பு உளைவு என்று வந்தவர்களுக்கு அவர் மூச்சுப்பயிற்சி, தசைத் தளர்த்தல், சாந்தியாசனம் ஆகியவற்றோடு மந்திரம் உச்சரிப்பதையும் சேர்த்துக்கொண்டார். சைவர்களுக்கு ஓம் அல்லது நமசிவாய, கத்தோலிக்கருக்கு செபமாலை, முஸ்லிம்களுக்கு சுபஹானல்லாஹ், பௌத்தர்களுக்கு புத்தம் சரணம் என அவரவருக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கமான சொல். மெதுவாகத் திரும்பத் திரும்ப உச்சரிக்கும்போது வெளிமூச்சு நீள்கிறது. வெளிமூச்சு நீண்டால், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு இறங்குகிறது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. அப்புறம், சாவு வீட்டில் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, வட்டமாக அமர்ந்து, அசைந்து அசைந்து ஒப்பாரி வைப்பதை நினைத்துப் பாருங்கள். அதைச் சிகிச்சை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டை அலறவிட்டு, அழுகிறவர்களைத் தனித்தனி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைப்பதைப் பார்க்கும்போது எதையோ தொலைத்துவிட்டோம் என்று தோன்றும்.

2004 சுனாமிக்குப் பிறகு ராஜா செல்வம் உள்ளிட்ட குழுவினர் தென்னிந்தியக் கடலோரத்தில் 150 பேருக்கு 75 நிமிட உடல்வழி சிகிச்சை கொடுத்து, அதைப் பற்றி 2008-இல் எழுதினார்கள். எட்டு மாதம் கழித்துக் கேட்டபோது 90 சதவீதம் பேர் நன்றாகத் தேறிவிட்டதாகவோ தொந்தரவே இல்லை என்றோ சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிகிச்சை பெறாத ஒரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எட்டு மாதத்தில் தானாகவே தேறியவர்கள் எத்தனை பேர் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. இஸ்ரேலில் 63 பேரை வைத்து, ஒப்பீட்டுக் குழுவோடு நடத்தி 2017-இல் வெளிவந்த ஆய்வில் லெவினின் முறைக்கு நல்ல பலன் தெரிந்தது. அமெரிக்காவில், பல வருடமாகப் பி.டி.எஸ்.டி. தீராத 64 பெண்களில் ஒரு பாதிப் பேருக்குப் பத்து வாரம் யோகா சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேர் நோயின் வரையறைக்கு வெளியே வந்துவிட்டார்கள், மற்றக் குழுவில் 21 சதவீதம். இது 2014-இல் வெளிவந்தது. எல்லாமே சின்ன ஆய்வுகள். உலக சுகாதார நிறுவனம் 2013-இல் முக்கியமாகப் பரிந்துரைத்தவை, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும், மன அதிர்ச்சிக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், கண்களை இருபுறமும் நகர்த்திச் செய்யும் இ.எம்.டி.ஆர். முறையும்தான். உடல்வழி முறைகள் அந்த வரிசைக்கு இன்னும் வரவில்லை. அதை மறைத்துப் பேசுகிறவர்களிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள். "உங்கள் இடுப்பில் துக்கம் தேங்கியிருக்கிறது, அமுக்கி எடுத்துவிடுகிறேன்" என்று சொல்பவரிடம் நிறையவே தள்ளி இருங்கள். நினைவு இருப்பது மூளையில். தசையை இறுகச் சொல்லிக்கொண்டே இருப்பதும் மூளைதான்.

இருக்கிற இடத்திலேயே சிறிதாக ஒன்று செய்து பார்க்கலாம். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் செய்ய வேண்டாம். இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்துங்கள். குதிகால், கட்டைவிரல் எல்லாம் தரையில் படுகிறதா? உட்கார்ந்திருக்கும் இடம் உங்களைத் தாங்குவது தெரிகிறதா? மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், ஒரு நாலைந்து முறை. கண்ணை மூட வேண்டாம். அறையில் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். மூச்சைக் கவனித்தால் படபடப்பு கூடுகிறது என்று சிலர் சொல்வார்கள். அது உண்மைதான், அவர்கள் மூச்சை விட்டுவிட்டுப் பாதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சிகிச்சைக்குப் போவதானால் முதலில் மருத்துவரிடம் காட்டி, இதயம், தைராய்டு, இரத்தசோகை எதுவும் காரணம் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். படபடப்பெல்லாம் மனசுதான் என்று சொல்வதும் ஆபத்து. சிகிச்சை தருபவர் உளவியலிலோ மனநல மருத்துவத்திலோ முறையாகப் படித்தவரா, அதற்குமேல் இந்தப் பயிற்சியை எடுத்தவரா என்று கேளுங்கள். இரண்டு நாள் பட்டறைச் சான்றிதழ் போதாது. தொடுவதாக இருந்தால் முன்கூட்டியே கேட்பாரா, வேண்டாம் என்றால் விட்டுவிடுவாரா என்றும் கேட்டுவிடுங்கள். தொடாமலே இந்தச் சிகிச்சையை முழுதாகச் செய்யலாம். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவராக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ராத்திரி தூக்கம் போய், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது என்றால் இதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் என்ற அரசுச் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். "நெஞ்சு படபடக்குது" என்று மட்டும் சொன்னாலும் போதும், மற்றதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

வணக்கம்.