பேகல் ஒரு கடையில், லாக்ஸ் இன்னொரு கடையில்

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் அதிகமாகக் கேட்கிறதா? மைக்கில் பஞ்சு மாட்டியிருக்கிறேன், ஆனாலும் இந்த டெலான்சி தெருவில் பாலத்துப் பக்கமிருந்து வருகிற காற்றை ஒன்றும் செய்ய முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மணி காலை ஏழேகால். ஜாக்சன் ஹைட்ஸில் எஃப் ரயிலைப் பிடித்து இப்போதுதான் மேலே ஏறி வந்தேன், இன்னும் காபிகூடக் குடிக்கவில்லை. நியூயார்க் வருகிற நண்பர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விக்கு இன்றைக்கு நடந்துகொண்டே பதில் சொல்லப் போகிறேன்: நல்ல பேகலும் லாக்ஸும் எங்கே கிடைக்கும்? பேகல் என்றால் நடுவில் ஓட்டை உள்ள வளைய ரொட்டி, லாக்ஸ் என்றால் அதற்குள் வைக்கிற, உப்பில் ஊறிய சால்மன் மீன்.

ஒரு கடைப் பெயர் சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் இரண்டு சொல்வேன். உடனே முகம் சுருங்கிவிடும்.

ஏன் இரண்டு என்பதற்கு என் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், ஆபீஸ் பக்கத்தில் ஒரு கடை, பெயர் வேண்டாம், ஜன்னலில் பேகல் படம் பெரிதாக மாட்டியிருந்தார்கள். உள்ளே போய் லாக்ஸ் வைத்து ஒன்று கேட்டேன். கிட்டத்தட்ட இருபது டாலர். கையில் வந்தது நடுவில் ஓட்டை போட்ட பன். அமுக்கினால் அமுங்குகிறது, விட்டால் எழும்பவே இல்லை. உள்ளே சுவர் பூசுகிற மாதிரி க்ரீம் சீஸ், அதற்குள் எங்கேயோ பாக்கெட்டிலிருந்து உருவிய இரண்டு துண்டு மீன். இதற்கா இந்த ஊர்க்காரர்கள் இப்படி உருகுகிறார்கள் என்று ஒரு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் கூட வேலை பார்த்த ப்ரூக்ளின் பெரியவர் ஒருவர்தான் சிரித்துவிட்டுச் சொன்னார், பேகல் சுடுகிறவன் வேறு, மீன் வெட்டுகிறவன் வேறு, நீ இரண்டையும் சாண்ட்விச் விற்கிறவனிடம் கேட்டிருக்கிறாய் என்று.

சரி, முதல் கடைக்கு வந்துவிட்டோம். கிராண்ட் தெரு, கோஸார்ஸ். 1936-லிருந்து இருக்கிற கடை. உண்மையில் இவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பேகல் இல்லை, பியாலி. போலந்தில் பியாலிஸ்டாக் என்கிற ஊரிலிருந்து வந்த ரொட்டி, ஓட்டைக்குப் பதில் நடுவில் ஒரு குழி, குழியில் வதங்கிய வெங்காயம். அதையும் ஒன்று வாங்குகிறேன், ஆனால் அது வழியிலேயே காலியாகிவிடும், வீடியோவின் கடைசி வரை வராது.

பேகலுக்கும் பியாலிக்கும் என்ன வித்தியாசம் என்றால் தண்ணீர். பியாலி நேராக அடுப்புக்குப் போகிறது. பேகலை முதலில் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்கிறார்கள், அரை நிமிஷம், ஒரு நிமிஷம், அவ்வளவுதான். குளூட்டன் என்கிற புரதம் அதிகமுள்ள மாவு, அதில் பார்லியிலிருந்து எடுக்கிற மால்ட், பிசைந்து வளையம் போட்டு ராத்திரி முழுக்கக் குளிரில் வைத்திருந்து, காலையில் கொதிநீரில் இறக்கினால் மேல் மாவில் இருக்கிற ஸ்டார்ச் கஞ்சி மாதிரி ஆகி ஒரு தோல் கட்டிவிடும். அப்புறம் அடுப்பில் எவ்வளவுதான் உப்பப் பார்த்தாலும் அந்தத் தோல் விடாது. அதனால்தான் உள்ளே இறுக்கமாக, பல்லுக்கு வேலை வைக்கிற மாதிரி இருக்கிறது. என் ஆபீஸ் பக்கத்துக் கடைப் பேகல் கொதிநீரைப் பார்த்ததே இல்லை என்று இப்போது சத்தியம் செய்வேன். நிறைய இடங்களில் அடுப்புக்குள்ளேயே ஆவியைவிட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், கடித்தால் பன்.

இதோ பாருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். மேலே கடுகளவில் சின்னச் சின்னக் கொப்புளம் தெரிகிறதா? ராத்திரி குளிரில் இருந்ததற்கு அடையாளம் அதுதான். பிய்க்கிறேன், கேட்டீர்களா, மெல்லிசாக ஒரு சத்தம்? உள்ளே இழை இழையாக வருகிறது. எள் போட்டது ஒன்று, கசகசா போட்டது ஒன்று, மொத்தம் இரண்டு வாங்கியிருக்கிறேன். கடைக்காரர் நறுக்கித் தரவா என்று கேட்டபோது வேண்டாம் என்றேன், கவனித்தீர்களா? இந்த மாநிலத்தில் முழுப் பேகலுக்கு விற்பனை வரி கிடையாது, கத்தி பட்டுவிட்டால் தயாரித்த உணவு என்று கணக்காகி 8.875 சதவீதம் ஏறிவிடும். மிச்சமாவது சில்லறைதான். ஆனால் வரி ஆபீஸை ஏமாற்றாமலே ஜெயித்த அந்த சந்தோஷம் இருக்கிறதே!

தண்ணீர் கதையையும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் பேகலின் ரகசியம் கேட்ஸ்கில் மலையிலிருந்து வருகிற தண்ணீர்தான் என்று இங்கே எந்த டாக்ஸி டிரைவரைக் கேட்டாலும் சொல்வார், நம் ஊரில் அல்வாவுக்குத் தாமிரபரணி சொல்கிற மாதிரி. கால்சியம் குறைவான மென்மையான தண்ணீர் என்பது உண்மை. ஆனால் அதே தண்ணீரில்தான் என் இருபது டாலர் பன்னும் பிசையப்பட்டது.

அந்தப் பன் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும் இல்லையா. ஒரு காலத்தில் இந்த ஊரில் பேகல் என்றால் கையால் சுற்றுவது, சுற்றுகிறவர்கள் லோக்கல் 338 என்று ஒரு தொழிற்சங்கம், சுமார் 300 பேர், எல்லோரும் யூதத் தொழிலாளர்கள், கூட்டம் நடப்பதே இத்திஷ் மொழியில். 1951 டிசம்பரில் முதலாளிகளோடு தகராறாகி அடுப்புகள் நின்றபோது பேப்பரில் பேகல் பஞ்சம் என்று தலைப்புப் போட்டார்கள், லாக்ஸ் வியாபாரமும் கூடவே படுத்துவிட்டது. அப்புறம் டேனியல் தாம்ப்சன் என்பவர் பேகல் இயந்திரம் செய்தார், 1963-ல் லெண்டர்ஸ் கம்பெனி அதை எடுத்து ஓட்ட ஆரம்பித்தது, நாடு முழுக்க உறைந்த பேகல் போனது, பத்து வருஷத்தில் சங்கம் கரைந்துவிட்டது.

நடக்கலாம். சூடு ஆறுவதற்குள் ஹூஸ்டன் தெருவுக்குப் போக வேண்டும். இங்கே ஹூஸ்டன் என்று சொல்லாதீர்கள், ஹவ்ஸ்டன் என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் திருத்துவதற்கென்றே ஒருவர் வருவார்.

வலது பக்கம் அந்தப் பெரிய போர்டு, கேட்ஸ். 1888-லிருந்து இருப்பதாக எழுதியிருக்கிறார்கள், பாஸ்ட்ராமி, கறி வியாபாரம். இந்தப் பக்கம் பச்சையும் சிவப்புமாக நியான் விளக்கு, ரஸ் அண்ட் டாட்டர்ஸ், மீனும் சீஸும். இரண்டும் ஒரே தெருவில் ஏன் தனித்தனிக் கடை? கோஷர் என்கிற யூத உணவு முறையில் கறியும் பாலும் சேரக் கூடாது. மீன் கறிக் கணக்கில் வராது, பாலோடு போகலாம். அதனால் கறிக்கு டெலி என்று ஒரு வகைக் கடை, மீனுக்கும் சீஸுக்கும் அப்பிடைசிங் என்று இன்னொரு வகைக் கடை. இன்று இந்த இரண்டுமே கண்டிப்பான கோஷர் கடைகள் இல்லை, ஆனால் பிரிவு அப்படியே நிற்கிறது. க்ரீம் சீஸ் தலையில் மீன் ஏறி உட்கார்ந்ததும் இந்த வழியில்தான்.

ஜோயல் ரஸ் என்பவர் 1914-ல் கடை போட்டவர், அதற்கு முன்னால் தெருவில் ஹெர்ரிங் மீன் விற்றவர். தன் மூன்று மகள்களையும் கவுண்டரில் நிறுத்தி, அப்புறம் கடையில் பங்குதாரர்களாக்கி, போர்டிலேயே டாட்டர்ஸ் என்று எழுதிவிட்டார். அன்ட் சன்ஸ் என்று நூறு போர்டு பார்த்த கண்ணுக்கு இது நன்றாக இருக்கிறது. இப்போது நடத்துவது நான்காம் தலைமுறை.

நம்பர் சீட்டு எடுத்திருக்கிறேன், எனக்கு முன்னால் நான்கு பேர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நாற்பது. அதுவரை முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மெதுவாகப் பேசுகிறேன், பின்னால் ஒரு பாட்டி முறைக்கிறார்.

இந்த ஊரில் லாக்ஸ் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது லாக்ஸ் இல்லை. நோவா. லாக்ஸ் என்பது இத்திஷில் சால்மன் மீனுக்கு உள்ள பெயர், அவ்வளவுதான், ஜெர்மனிலும் அதே சொல். பழைய லாக்ஸ் என்பது மீனின் வயிற்றுப் பகுதியை உப்பில் ஊறப்போட்டது, புகையே கிடையாது. ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் பசிபிக் கரையில் பிடித்த சால்மனைப் பீப்பாயில் உப்புநீரோடு அடைத்து ரயிலில் அனுப்பினார்கள், கெடாமல் வர உப்பு தேவைப்பட்டது, அந்த உப்புக்கு நாக்கு பழகிவிட்டது. நோவா என்பது கொஞ்சமாக உப்பு போட்டு, மீன் வேகாத அளவுக்கு ஆறிய புகையில் வைத்தது. நான் தூத்துக்குடிக்காரன், மாசிக் கருவாடு பார்த்து வளர்ந்தவன், அதை வேகவைத்துப் புகைபோட்டுக் கல்லாகும்வரை காயவைப்பார்கள். இங்கே வேகவும் விடவில்லை, காயவும் விடவில்லை, முதல் தடவை வாயில் வைக்கக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது.

பழைய லாக்ஸ் வேண்டுமென்றால் பெல்லி லாக்ஸ் என்று சொல்லிக் கேளுங்கள். ஒரு தடவை வீராப்பாக அரைப் பவுண்டு வாங்கிப்போய் இரண்டு நாள் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்குக் கால் பவுண்டு நோவா, ஒரே ஒரு துண்டு பெல்லி. எது பிடிக்கும் என்று தெரியவில்லையென்றால் கேளுங்கள், ருசிக்கு வெட்டி நீட்டுவார்கள்.

என் நம்பர் வந்துவிட்டது. கத்தியைப் பாருங்கள். ஒரு முழம் நீளம், ஒல்லி, வளைகிறது. அவர் அமுக்கவே இல்லை, படுக்கவைத்த மாதிரி சாய்த்து இழுக்கிறார், கத்தியின் நிழல் மீனுக்குள்ளேயே தெரிகிறது. ஒவ்வொரு துண்டையும் மெழுகுத் தாளில் ஒன்றன்மேல் ஒன்று பாதி மூடுகிற மாதிரி அடுக்குகிறார். இந்த மெல்லிசு பாக்கெட்டில் வராது. தடிமனாக வெட்டினால் ரப்பர் மாதிரி இழுக்கும், மெல்லிசாக வெட்டினால் அதே மீன் வெண்ணெய் மாதிரிக் கரையும்.

வெளியே வந்துவிட்டேன். இரண்டு மூன்று தெரு தள்ளி சாரா டி. ரூஸ்வெல்ட் பூங்கா, பெஞ்சு காலியாக இருக்கிறது. பேகலைக் கையாலேயே பிளக்கிறேன், ஆம், இன்னும் இளஞ்சூடு. டோஸ்ட் போடாதீர்கள். புதுப் பேகலை டோஸ்ட் போடுவது சுடச்சுட இட்லியை உப்புமா ஆக்குவது மாதிரி, அதெல்லாம் மறுநாள் வேலை. க்ரீம் சீஸ் தோசைக்கு எண்ணெய் தடவுகிற அளவு போதும். வெங்காயம் இரண்டு வளையம். கேப்பர்ஸ் என்று இந்தப் பச்சை உருண்டை, பூமொட்டு ஊறுகாய், சுண்டைக்காயின் தங்கை மாதிரி இருக்கும், நான்கு போதும். தக்காளி நான் போடுவதில்லை, அந்த ஈரத்தில் எல்லாம் வழுக்கிக்கொண்டு போகிறது. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

அப்டவுனில், அதாவது மன்ஹாட்டனின் வடக்குப் பக்கம் தங்குகிறவர்கள் இவ்வளவு தூரம் வர வேண்டாம், ஆம்ஸ்டர்டாம் அவென்யூவில் பார்னி கிரீன்கிராஸ் இருக்கிறது, 1908-ல் தொடங்கிய கடை, அங்கே முட்டையோடு வெங்காயமும் லாக்ஸும் போட்டுக் கிளறித் தருவதைச் சாப்பிடுங்கள். அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

ஒரு கேப்பர் கீழே விழுந்துவிட்டது, புறா வந்து முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. சரி, கேமராவை அணைக்கிறேன். இதை ஒரு கையில் பிடித்துச் சாப்பிட முடியாது.